பதினாலாம் நம்பர் நடை

கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆனால் ஏழு மணிக்கே வரிசை கடை வாசலைத் தாண்டி, மூலை திரும்பி, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, ஒரு பல் ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வருடக் கடைசி விடுமுறையின் முதல் நாள். முதலில் வரும் நூறு பேருக்கு ஃபிரிட்ஜ் பாதி விலை. மூத்தவள் கையில் அறுபத்தெட்டாம் எண் டோக்கன் இருந்தது. அவள் அதை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள்.

"கிழிச்சிடாதே. அதுக்காக அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சிருக்கோம்" என்றார் கணவர்.

அவர் ஏ.சி. மெக்கானிக். ஊரில் யார் வீட்டு ஏ.சி.யும் அவர் கை பட்டால் பனி கொட்டும். சொந்த வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் மூன்று முறை பிரித்துப் பூட்டியும் உள்ளே வைத்த பாலைத் தயிராக்கியே திருப்பித் தந்தது. அந்த வகையில் ஃபிரிட்ஜ் வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. தப்பு நாளில்தான் இருந்தது. அது மூத்தவளுக்குத் தெரியும். 

அவளுடைய அப்பா முப்பத்தொரு வருடம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டியவர். சந்தையில் கிளம்பி அணைக்கட்டில் முடியும் தடம், மொத்தம் பத்தொன்பது நிறுத்தங்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள், இந்த விடுமுறையின் முதல் நாள் மட்டும், பஸ் ஓடாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அப்படி ஒரு நாளில் அவர் திடீரென்று, "இத்தனை வருஷமா எல்லா ஸ்டாப்லயும் நிறுத்தறேன், ஒண்ணுலகூட இறங்கினதில்ல. வாங்க, இறங்கிப் பார்த்துட்டு வரலாம்" என்று கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக அந்த நாளில் குடும்பம் மொத்தமும் பதினாலாம் நம்பர் தடத்தில் நடக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்காரும். உட்கார்ந்ததும் யாராவது ஒருவர், அந்த வருடம் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது அம்மா. "வீட்டுக்குள்ள சொன்னா சுவரும் சேர்ந்து சண்டை போடும். நடுத்தெருவுல யாரும் கத்த மாட்டீங்க" என்பது அவளுடைய நியாயம். பாலத்து நிறுத்தத்தில்தான் தம்பி, பரீட்சையில் மூன்று பாடத்தில் தோற்றதைச் சொன்னான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்தான் மூத்தவள், ஒரு ஏ.சி. மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள்.

இந்த வருடம் நடை வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். புதன்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்தது. அன்று சாயங்காலமே போன் செய்து, "இந்த ஒரு தடவை விட்டுடலாம்பா. அந்த நாள் மட்டும்தான் அந்த விலை" என்றாள். "சரிம்மா, ஃபிரிட்ஜ் முக்கியம்தான்" என்றார் அப்பா. தம்பிக்குக் கூரியர் கம்பெனியில் வேலை. அக்கா வரவில்லை என்றதும், அவனும் இரட்டைச் சம்பளத்துக்கு அன்றைக்கு டூட்டி எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்தப் போனில் அவள் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. அது தைத்த முள்ளைப் போல உள்ளேயே கிடந்தது.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவின் போன் வந்தது.

"அப்பா அங்க வந்தாராடி?"

"இங்க எதுக்கும்மா வர்றாரு?"

"காலைல ஊசி போட்டுக்கிட்டாரு. சாப்பிடச் சொன்னா, பசிக்கல அப்புறம் பார்க்கலாம்னாரு. நான் குளிச்சிட்டு வந்தா ஆளைக் காணோம். பேப்பர் வாங்கப் போயிருப்பாருன்னு விட்டுட்டேன். இப்பதான் பார்க்கறேன், நடைக்குப் போட்டுக்கற ஷூவைக் காணோம். போன் சார்ஜ்ல கிடக்குது. அவரே கட்டின சாப்பாட்டு டப்பா கட்டின மேனிக்கு மேஜைமேல இருக்குது."

"ஊசி எத்தனை மணிக்கு?"

"ஆறேகால் இருக்கும்."

மூத்தவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது கையில் ஊசி குத்துகிறவள். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் நடக்கும் எழுபத்தொரு வயது உடம்புக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குத் தெரியும். அப்பாவுடைய ரத்தம் செவ்வாய்க்கிழமை அவள் கை வழியாகத்தான் போயிற்று. முடிவைப் பார்த்த டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "ரொம்ப இறங்குது. காலை ஊசியைப் பாதியாக் குறைக்கச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க" என்றார். போனில் சொன்னால் அம்மா பதறுவாள், நடையன்று நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். மறுநாள் நடையையே வேண்டாம் என்றாள். ஒரே போனில் இரண்டு கெட்ட செய்தி சொல்ல வாய் வரவில்லை.

"என்னங்க, அப்பாவைக் காணோம். நான் போறேன்."

"எங்கே போறே? இன்னும் அம்பது நிமிஷத்துல திறந்துடுவான். கார்டு உன் பேர்ல இருக்கு, நீதான் கையெழுத்துப் போடணும்" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த முகத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். டோக்கனை வாங்கிப் பின்னால் நின்ற பெண்ணின் கையில் திணித்தார். "நீ தடத்தைப் பிடிச்சு முன்னால போ. நான் வேன்ல போய் அத்தையைக் கூட்டிக்கிட்டு வர்றேன். விரல்ல குத்திப் பார்க்கிற மெஷின் அங்கதானே இருக்கு?" போகிற போக்கில் கண்ணாடிக்குள் நின்ற ஃபிரிட்ஜை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பாவம், அவ்வளவுதான் செய்தார்.

கடையிலிருந்து மூன்றாவது நிறுத்தம் கூப்பிடு தூரம். தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பைகளோடு வருகிறவர்கள், பைகளுக்காகப் போகிறவர்கள். மூத்தவள் ஓடிக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தாள். அவன் இரண்டு தெரு தள்ளி யாருக்கோ ஒரு மிக்ஸியை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரின் இரு பக்கமும் பார்சல் மூட்டை தொங்க ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றான்.

"ஏறு. ஆனா கிழவர் எங்கயாவது பழைய டிரைவர் எவனோடவாவது உட்கார்ந்து கதையடிச்சிக்கிட்டு இருப்பாருக்கா. நீ எதுக்கெடுத்தாலும்…"

"ஊசி போட்டுட்டு சாப்பிடல அவர்."

அவன் வண்டியைத் திருப்பினான்.

நான்காவது நிறுத்தம் பழைய அச்சகம். பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"வெள்ளைச் சட்டை, ஷூ போட்ட பெரியவர்தானே? இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தார். டீ போடட்டுமான்னு கேட்டேன். எங்க ஆளுங்க வரட்டும், சேர்ந்து குடிக்கறோம்னார். அரை மணி நேரம் பார்த்திருப்பார். யாரும் வரல. எழுந்து அந்தப் பக்கமா போனார். ஏழே கால், ஏழரை இருக்கும்."

அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டியில் ஏறினார்கள்.

ஐந்தாவது நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஆறில் ஒரு நாய் படுத்திருந்தது. இதுவரை விடுமுறை நாளில் அந்தச் சாலை காலியாகக் கிடக்கும். குழந்தைகள் நடுரோட்டில் பந்து விளையாடும். இந்த வருடமோ தள்ளுபடிக்கு ஜனங்களை ஏற்றி இறக்கச் சிறப்புப் பஸ் விட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு பஸ் உரசிப் போகும்போதும் மூத்தவளின் கண் தன்னையறியாமல் அதன் சக்கரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. பஸ் ஓடாது என்று நம்பி அந்த மனிதர் ரோட்டின் நடுவே நடந்திருந்தால்? மணி எட்டே முக்கால். ஆறேகாலிலிருந்து இரண்டரை மணி நேரம். அவள் மனதுக்குள் அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டாள். இந்நேரம் கை நடுங்கத் தொடங்கியிருக்கும். வியர்த்திருக்கும். அதற்கடுத்துப் பேச்சு. அதற்கு மேல் நினைக்க அவள் மனதை விடவில்லை.

ஏழாவது நிறுத்தம் பாலம். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவர் கைப்பிடிச் சுவரோரம் கடை போட்டிருந்தார்.

"ஒருத்தர் இந்தச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு தடுமாறித் தடுமாறி வந்தார். என்ன பெரியவரேன்னு கேட்டேன், பதில் இல்ல. அப்போ பார்த்து அணைப்பக்கம் போற ஸ்பெஷல் பஸ் வந்துச்சு. ஏறிட்டார்."

"எங்கப்பா பஸ்ல ஏறியிருக்க மாட்டார்" என்றான் தம்பி. "இன்னிக்கு ஏறவே மாட்டார்."

"ஏறினதை நான் பார்த்தேன் தம்பி."

ஆள் தன் நினைவில் இல்லை என்பது மூத்தவளுக்கு அப்போது உறுதியாயிற்று. 

எதிரே ஒரு சிறப்புப் பஸ் பிதுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. தம்பி பார்சலோடு ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினான். டிரைவர் திட்டினார், கண்டக்டர் இறங்கி வந்தார். மூத்தவள் அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அவரா? குடிச்சிருந்தார்மா. காலங்கார்த்தாலேயே. பேச்சு குழறுது, நிக்க முடியல. மில் ஸ்டாப்ல டிரைவர் தண்ணி குடிக்க இறங்கினா, இவர் போய் அந்த சீட்டுல உட்கார்ந்துட்டார். இது என் வண்டி, நான்தான் எடுக்கணும்ங்கறார். ஏற வந்த ஜனங்க சத்தம் போட்டாங்க. நாலு பேரா பிடிச்சு இறக்கி, அங்கேயே பெஞ்சுல உட்கார வச்சிட்டு வந்தோம்."

"அவர் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல" என்றாள் மூத்தவள். "அவருக்கு சர்க்கரை இறங்கியிருக்கு. இப்படியே விட்டா செத்துப்போயிடுவார்."

கண்டக்டர் பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டர் பறந்தது. எட்டு, ஒன்பது, பத்து. அந்த நிறுத்தங்களை அவள் பார்க்கவே இல்லை.

பதினோராவது நிறுத்தம் மர அறுவை மில். மில் பூட்டிக் கிடந்தது. நிழற்குடைக்குள் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு பதினைந்து பேர் காலிப் பைகளோடு நின்றார்கள். நெருக்கியடித்து நின்ற அந்தக் கூட்டம், பெஞ்சின் ஒரு மூலையை மட்டும் ஆள் ஒதுக்கி வைத்தாற்போல விட்டிருந்தது. அந்த மூலையில் அப்பா இருந்தார். சட்டை நனைத்துப் பிழியாமல் போட்டதுபோல ஒட்டிக்கிடந்தது. முகம் வெளுத்து, உதடு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "உள்ள போம்மா… படியில நிக்காதே" என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"யார்கிட்டயாவது சர்க்கரை, ஜூஸ், மிட்டாய் ஏதாவது இருக்கா? குடிகாரர் இல்லீங்க இவர். சர்க்கரை நோயாளி. யாராவது குடுங்க!"

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் தன் குழந்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பழரச டப்பாவை அப்படியே பிடுங்கி நீட்டினாள். குழந்தை வீறிட்டது. இன்னொருவர் பையிலிருந்து மிட்டாய்களை அள்ளி எடுத்தார்.

மூத்தவள் அப்பாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "ஒரு வாய் முழுங்குங்க பார்க்கலாம்." முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது வாயைத் தொண்டை வாங்கியது. தம்பி பின்னால் நின்று அப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்தான். டப்பா காலியானதும் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆக வேண்டும். பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. ஜூஸ் கொடுத்த பெண் மட்டும் ஏறாமல், அழுகிற குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

எட்டாவது நிமிடத்தில் அப்பா தலையைத் தூக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். "மில் ஸ்டாப்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ ஃபிரிட்ஜ் வாங்கப் போகல?" என்று தெளிவாகக் கேட்டார்.

மூத்தவள் அப்போதுதான் அழுதாள். அந்தப் பெண் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

சற்று நேரத்தில் மெக்கானிக்கின் வேன், ஏணியும் குழாய்களும் கடகடக்க வந்து நின்றது. அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூத்தவள் மெஷினை வாங்கி அப்பாவின் விரலில் குத்தினாள். அறுபத்தொன்று. இவ்வளவு இனிப்புக்குப் பிறகு இவ்வளவுதான் என்றால் முன்பு எத்தனை இருந்திருக்கும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

ஆள் பிழைத்தார் என்று தெரிந்ததும் அம்மாவின் பயம் முழுவதும் வாய்க்கு வந்துவிட்டது. "ஊசியைப் போட்டுட்டு சாப்பிடாம வீட்டை விட்டு இறங்கறவர் மனுஷரா? பச்சைக் குழந்தைகூட பசிச்சா அழும். நீங்க யாருக்காகப் பட்டினி நடந்தீங்க? யார் கேட்டா?"

அப்பா மென்றுகொண்டே தலையைக் குனிந்திருந்தார். "வேணாம்னு சொன்னாலும் எப்படியும் நாலாவது ஸ்டாப்ல எல்லாரும் வந்து சேர்ந்துக்குவீங்கன்னு நினைச்சேன். சேர்ந்து சாப்பிடலாம்னு" என்றார். "டப்பாவை எடுக்க மறந்துட்டேன்."

"மறதி! எல்லாம் மறதி! தப்பு மொத்தமும் உங்களோடது…"

"அம்மா, இல்ல" என்றாள் மூத்தவள். "தப்பு என்னோடது."

சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்த ரிப்போர்ட்டை, டாக்டர் சொன்னதை, புதன்கிழமை போனில் விழுங்கியதை. தெரு நடுவில் உட்கார்ந்து பேசுவதால் குரலை உயர்த்த முடியவில்லை. சொல்லி முடித்ததும் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மா டப்பாவின் மூடியை எடுத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அப்பா விரல்விட்டு எண்ணினார். "புதன், வியாழன், வெள்ளி, இன்னிக்கு. நாலு ஊசி." குற்றம் சாட்டவில்லை. வண்டி எத்தனை டிரிப் அடித்தது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஆமாம்பா."

அவர் இன்னொரு துண்டு ரொட்டியை வாயில் போட்டு, நிதானமாக விழுங்கினார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இந்த வாரம் ரெண்டு தடவை எனக்குத் தலை சுத்துச்சு. ஒரு தடவை குளியலறைல விழப் பார்த்தேன். உங்கம்மாகிட்ட சொல்லல. சொன்னா இந்த நடைக்கு விட மாட்டான்னு."

தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அம்மா டப்பா மூடியை ஓங்கி வைத்தாள்.

"நல்ல குடும்பம்! அப்பனும் மகளும் சேர்ந்து என்னைத் தாலி அறுக்கப் பார்த்திருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளை, நீங்க ஏதாவது மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒரேயடியா நெஞ்சு வெடிச்சிடட்டும்."

"டோக்கனைப் பின்னால நின்ன அம்மாவுக்குக் குடுத்துட்டேன் அத்தை. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு டோக்கன் இருந்துச்சு" என்றார் மெக்கானிக் பரிதாபமாக.

தம்பிதான் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது தடவை விரலில் குத்த வேண்டிய நேரத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தினாள். தொண்ணூற்றேழு. டாக்டருக்குப் போன் போட்டாள். சாப்பாடு முழுதாகக் கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள், மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், இனிமேல் பாதி ஊசிதான் என்றார் அவர். அவள் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேனில் ஏறச் சொன்னபோது அப்பா ஏறவில்லை. "அணைக்கட்டு வரைக்கும் வேணாம். அடுத்த ஸ்டாப் வரைக்கும். இருநூறு மீட்டர்தான்."

"முடியாது" என்றாள் அம்மா.

"அப்போ இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

பேரம் பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் மெக்கானிக் வேனைப் பின்னாலேயே ஊர்ந்து ஓட்டி வருவது, அம்மா ஒரு கையையும் தம்பி ஒரு கையையும் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தம்பியின் போன் விடாமல் அடித்தது. பார்சல் எங்கே என்று கம்பெனியிலிருந்து. அவன் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கூட்டரை மில் காவலாளியிடம் ஒப்படைத்தான்.

அவர்கள் நடந்தார்கள். மூத்தவள் அரை அடி பின்னால், அப்பாவின் கழுத்தைப் பார்த்தபடி நடந்தாள். வியர்வை புதிதாக வருகிறதா, பழையதுதான் காயாமல் நிற்கிறதா என்று தெரியவில்லை. காலடி நேராக விழுகிறதா? இடது பக்கம் சாய்கிறாரா? பஸ் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவள் கை தானாக நீண்டு அவர் முதுகில் படிந்தது.

"ஏதாவது பேசிக்கிட்டே வாங்கப்பா" என்றாள்.

"என்ன பேச?"

"எதுவானாலும்."

அவர் இந்தச் சாலை ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எதிரே மரலாரி வந்தால் எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும், மழை நாளில் பிரேக்கை எப்படிப் பாதி மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். தம்பி இடையிடையே ஏதோ கேட்டான், அம்மா எதையோ மறுத்தாள். கதையில் ஒரு வரிகூட மூத்தவளுக்கு ஏறவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா, எழுத்து எங்கேயாவது வழுக்குகிறதா என்று மட்டுமே அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபடி வந்தாள்.